மெம்பர் இறந்தால் அந்த இடம் யாருக்கு? யார் முடிவு செய்வது?

பழையாற்றங்கரை:

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சி, ஊர் பெயர் வேண்டாம். அப்பா அங்கே வார்டு மெம்பராக இருந்தார். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்தவர், 2022 தீபாவளி முடிந்த வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு 2025 ஜனவரி 5-ஆம் தேதி எல்லாருடைய பதவிக்காலமும் முடியும் வரைக்கும், ரெண்டு வருஷத்துக்கு மேல், எங்கள் வார்டுக்கு ஆளே வரவில்லை.

ஆனால் ஜனங்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். "அக்கா, கம்பத்துல பல்பு எரியல", "ஓடை அடைச்சுக் கிடக்கு" என்று கேட்டில் நின்று அம்மாவிடம் சொல்வார்கள். அம்மாவும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்து ஊராட்சி செயலரிடம் கொடுப்பார். அப்பா இருந்தபோது செய்த அதே வேலை, கையெழுத்து மட்டும் வேறே.

இதில் ஊர்க்காரர்கள் வேறு குழப்பிவிட்டார்கள். டீக்கடையில் ஒருவர், "மெம்பர் இறந்தா வீட்டுல ஒருத்தருக்குக் கொடுக்கணும், கருணை அடிப்படை வேலை மாதிரி, நம்ம எம்.பி. வசந்தகுமார் இறந்ததும் அவரு மகனுக்குக் கொடுத்தாங்கல்லா" என்று அடித்துச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு என் சித்தப்பா, "எனது கணவர் வகித்து வந்த மேற்படி உறுப்பினர் பதவியை எனக்கு வழங்கி உதவுமாறு" என்று கலெக்டருக்கு ஒரு மனுவே எழுதிக்கொண்டு வந்துவிட்டார், திங்கட்கிழமை மனு நாளில் கொடுப்பதற்கு. அம்மா பேனாவை வாங்கவே இல்லை. "உங்க அண்ணன் என்ன கவர்மென்ட் வேலைக்கா போனாரு?" என்று மட்டும் கேட்டார்.

என் சந்தேகம் இதுதான். நடுவில் ஒரு பதவி காலியானால் சட்டப்படி யார் நிரப்புவது? மெம்பர், தலைவர், எம்.எல்.ஏ., எம்.பி. எல்லாவற்றுக்கும் ஒரே வழிதானா, வேறு வேறா? அப்புறம் ரெண்டு வருஷம் சும்மா கிடந்ததே, அதற்கு யார் பொறுப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தீர்மான நோட்டு:

தம்பி, முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு கும்பிடு. சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நான் ஊராட்சி செயலராக இருந்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கருணை அடிப்படை என்பது அரசு ஊழியர் இறந்தால் வாரிசுக்குக் கொடுக்கும் வேலை. மெம்பர் பதவி வேலையே கிடையாது, அதனால் வாரிசும் கிடையாது. வார்டு மெம்பர் இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ அந்த இடத்துக்கு யாரையும் நியமிக்க முடியாது, கலெக்டராலும் முடியாது, மந்திரியாலும் முடியாது. அந்த வார்டு ஜனங்கள் மறுபடியும் ஓட்டுப் போட வேண்டும். நீங்களோ அம்மாவோ நிற்கலாம், மற்ற எல்லாரையும் போல மனுப் போட்டு, டெபாசிட் கட்டி. 2019-ல் வார்டு மெம்பருக்கு டெபாசிட் 200 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 100. கட்சிச் சின்னம் கிடையாது. ஜெயித்தால் ஐந்து வருஷம் புதிதாகத் தொடங்காது, மிச்சம் இருக்கிற காலம் மட்டும்தான்.

காலி இடத்தை ஒன்றிய அலுவலகம் வழியாக மேலே எழுதுவோம். கடைசியில் தேதி குறிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல் நடத்துகிற டெல்லி ஆணையம் வேறு, இது வேறு, நிறைய பேருக்கு இதுவே தெரியாது. ஒரு வார்டுக்கு ஒரு தேர்தல் என்று நடத்துவதில்லை, காலி இடங்களைச் சேர்த்து வைத்து மொத்தமாக நடத்துவார்கள். 2021 அக்டோபர் 9-ல் ஒரு தடவை நடந்தது, மாவட்டப் பிரிப்பால் தள்ளிப்போன ஒன்பது மாவட்டங்களின் தேர்தலோடு சேர்த்து. 2022 ஜூலை 9-ல் இன்னொரு தடவை. உங்கள் அப்பா அதற்கு மூன்று மாதம் கழித்துப் போயிருக்கிறார். பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு வந்த கதைதான் உங்கள் வார்டுக்கு.

தலைவர் பதவி கொஞ்சம் வேறு மாதிரி. தலைவரை ஊர் முழுக்க நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது, அந்த ரோஸ் கலர் சீட்டு. அதனால் அவர் போனாலும் ஊர்தான் மறுபடி ஓட்டுப் போட வேண்டும், அதுவரைக்கும் துணைத் தலைவர் பொறுப்புப் பார்ப்பார். துணைத் தலைவரை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஊராட்சி மன்றத்துக்குள்ளேயே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. அதனால் துணைத் தலைவர் இடம் காலியானால் கூட்டம் போட்டு உள்ளுக்குள்ளேயே நிரப்பிவிடலாம், ஒன்றியச் சேர்மனும் மாவட்ட ஊராட்சித் தலைவரும் இதே கணக்கு. பேரூராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் எல்லாரும் இப்போது மறைமுகத் தேர்தல்தான், கவுன்சிலர்கள் கையில்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் தலைவர் இறந்து துணைத் தலைவர் பொறுப்புக்கு வந்தார். ஆபீசில் தலைவர் நாற்காலியில் மனிதர் கடைசி வரை உட்காரவே இல்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் இருந்துகொண்டுதான் எல்லாக் கையெழுத்தும். மரியாதை என்று நான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் அவரே சொன்னார், "சார், அதுல இருந்தா எல்லாவனும் தலைவரேன்னு கூப்பிடுவான், அப்புறம் இடைத்தேர்தல்ல என்னை எதிர்த்து அத்தனை பேரும் நிப்பான்." செக் விவகாரமும் அப்போது இழுத்தது. ஊராட்சி செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இல்லையென்றால் இன்னொருவரோடு சேர்ந்து போட ஒரு மெம்பரை மன்றம் தீர்மானம் போட்டு நியமிக்க வேண்டும். யார் அந்த மெம்பர் என்பதில் ரெண்டு கூட்டம் சண்டையிலேயே போயிற்று, தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளம் தள்ளிப் போயிற்று.

---

குழித்துறைப் படிப்பாளி:

டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறேன், இது எனக்கு மனப்பாடம், அதனால் எம்.எல்.ஏ., எம்.பி. பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151-ஏ பிரிவு. எம்.எல்.ஏ. அல்லது எம்.பி. இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல். இதற்கு ரெண்டே விதிவிலக்குதான்: மிச்சமிருக்கும் பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவு, அல்லது இந்த ஆறு மாதத்துக்குள் நடத்துவது கஷ்டம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்று தருவது. வால்பாறை எம்.எல்.ஏ. அமுல் கந்தசாமி 2025 ஜூனில் இறந்தார், இடைத்தேர்தல் இல்லை, காரணம் முதல் விதிவிலக்கு. சட்டசபைக் காலம் 2026 மே மாதம் வரைதான்.

இப்போது டீக்கடைக்காரர் சொன்ன வசந்தகுமார் கதை. அவர் 2020 ஆகஸ்ட் 28 கொரோனாவில் இறந்தார். ஆறு மாதக் கணக்குப்படி பிப்ரவரி கடைசிக்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும். நடந்தது 2021 ஏப்ரல் 6, சட்டசபைத் தேர்தலோடு சேர்த்து. அன்றைக்கு நம் மாவட்டத்தில் பூத்துக்குள் ரெண்டு மெஷின் இருந்தது, எங்கள் பாட்டி ஒன்றில் அழுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார், ஏஜென்டுகள் எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டு மறுபடி உள்ளே அனுப்பினார்கள். மகன் விஜய் வசந்துக்கு யாரும் "கொடுக்கவில்லை". காங்கிரஸ் சீட்டுக் கொடுத்தது, பி.ஜே.பி.யின் பொன். ராதாகிருஷ்ணனை எதிர்த்து நின்று ஜெயித்தார். இதற்கு நடுவில் பிரியங்கா காந்தி கன்னியாகுமரியில் நிற்கட்டும் என்று கார்த்தி சிதம்பரம் விருப்ப மனு போட்ட கதையும் உண்டு. கடைசியில் பிரியங்காவும் ஒரு இடைத்தேர்தல் வழியாகத்தான் எம்.பி. ஆனார், 2024 நவம்பரில், வயநாட்டில், அண்ணன் ரெண்டு இடத்தில் ஜெயித்து ஒன்றை விட்டதால்.

ஆக ரெண்டு தேர்வு நடக்கிறது. யார் நிற்பது என்று கட்சித் தலைமை தேர்ந்தெடுக்கிறது, அது நமக்குத் தெரியாமல் டெல்லியிலோ சென்னையிலோ முடிந்துவிடும். அப்புறம்தான் நாம். டீக்கடை அண்ணாச்சி முதல் தேர்வை மட்டும் பார்த்துவிட்டு அதுதான் மொத்தமும் என்று நினைத்துவிட்டார்.

எங்கள் விளவங்கோட்டில் 2024-ல் நடந்தது இன்னும் வேகம். காங்கிரஸ் எம்.எல்.ஏ. விஜயதரணி பிப்ரவரி 24 பி.ஜே.பி.யில் சேர்ந்து ராஜினாமா செய்தார், சபாநாயகர் ஏற்றுக்கொண்டார், ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தல். ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. தாரகை கத்பர்ட் ஜெயித்தார், காங்கிரஸ் இடம் காங்கிரஸுக்கே. அதே நேரம் திருக்கோவிலூரும் காலி என்று அறிவித்திருந்தார்கள், அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. பொன்முடிக்குத் தண்டனை வந்ததால். ஆனால் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் காலி இடம் காலி இல்லை என்று ஆகிவிட்டது. இறந்த இடம் ஏழு மாதம் காத்துக்கிடந்தது, ராஜினாமா செய்த இடம் ரெண்டே மாதத்தில் நிரம்பியது. வேறு பெரிய தேர்தல் பக்கத்தில் வருகிறதா என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம்.

---

ரசவடை:

எல்லாம் சரி, இத்தனை செலவு எதற்கு? ரெண்டாவது வந்தவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே. அவரும் ஓட்டு வாங்கியவர்தானே. ஒரு வார்டுக்கு 300 பேர் ஓட்டுப் போட ஸ்கூலுக்கு லீவு, போலீஸ், பெட்டி, மை. அதற்குப் பதில் ரெண்டு தெரு சிமென்ட் ரோடு போடலாம்.

---

தீர்மான நோட்டு:

ரசவடை அண்ணாச்சி, உங்கள் யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊராட்சியில் நிறைய வார்டில் ரெண்டே பேர்தான் நிற்பார்கள். அங்கே ரெண்டாவது வந்தவர் என்றால் வார்டு வேண்டாம் என்று சொன்னவர். அவரையே கொண்டுவந்து வைத்தால் ஓட்டுப் போட்டவன் என்ன நினைப்பான்? இன்னொன்று, ரெண்டாவது வந்தவன் ஐந்து வருஷமும் முதல் வந்தவன் எப்போது இருமுவான் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஊர்ப் பகை போதாதா.

---

தோவாளைப் பிச்சி:

செயலர் சார், ஒரு சின்னக் கேள்வி. பெண்கள் வார்டில் ஜெயித்த மெம்பர் ராஜினாமா செய்தால் இடைத்தேர்தலில் அது பொது வார்டாக மாறுமா? எங்கள் பக்கம் ஒரு மெம்பரின் வீட்டுக்காரர்தான் எல்லாக் கூட்டத்துக்கும் போவார். "அவ ராஜினாமா பண்ணிட்டா நானே நின்னுக்கலாம்" என்று கல்யாண வீட்டில் வைத்துச் சொன்னார், பந்தியில் எல்லாரும் கேட்டோம்.

---

தீர்மான நோட்டு:

மாறாது அம்மா. எந்த ஒதுக்கீட்டில் பொதுத்தேர்தல் நடந்ததோ அதே ஒதுக்கீட்டில்தான் இடைத்தேர்தலும். அவர் கனவில் மட்டும் நிற்கலாம். ராஜினாமாக் கடிதமும் அந்த அம்மா தானாக எழுதிக் கொடுப்பதாக இருக்க வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துச் செல்லாது.

---

கோட்டாறு பழசு:

நீங்கள் எல்லாம் 2019, 2021 என்று பேசுகிறீர்கள். இந்த மாவட்டத்துக்கு இடைத்தேர்தல் என்றால் 1969 தான். மார்ஷல் நேசமணி நாகர்கோவில் எம்.பி.யாக இருந்தார், 1968 ஜூன் 1 இறந்துபோனார். அந்தக் காலி இடத்துக்கு வந்து நின்றவர் காமராஜர். 1969 ஜனவரி. நான் அப்போது நாலாங்கிளாஸ், வடசேரிச் சந்தை முழுக்கக் கூட்டம், அப்பா தோளில் வைத்துக் காட்டினார், எனக்குத் தெரிந்தது கறுத்த உயரமான ஒரு மனிதரும் வெள்ளைச் சட்டையும்தான்.

இதில் ஒரு விசேஷம் கவனியுங்கள். நேரு 1964 மே 27-ல் இறந்தபோது குல்சாரிலால் நந்தா தற்காலிகமாகப் பிரதமர். காங்கிரஸ் தலைவர் யார்? காமராஜர். அவர் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டு சாஸ்திரியைக் கொண்டுவந்தார். சாஸ்திரி 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இறந்தார், திரும்பவும் நந்தா தற்காலிகம், திரும்பவும் காமராஜர். மொரார்ஜி விடவில்லை, கட்சி எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள், இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. ரெண்டு தடவை பிரதமர் நாற்காலி காலியாகி, ரெண்டு தடவையும் யார் உட்கார வேண்டும் என்று முடிவெடுத்த மனிதர், அடுத்த வருஷமே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அவருக்கே ஒரு காலி இடம் தேவைப்பட்டது, அதைக் கொடுத்தது நாகர்கோவில். கட்சிக்குள்ளே எம்.பி.க்களை வைத்துப் பிரதமரை மாற்றலாம், ஆனால் எம்.பி. ஆவதற்கு அவரும் வடசேரிச் சந்தைக்கு வந்து கும்பிட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

முதலமைச்சர் நாற்காலியும் அப்படித்தான், ஒரு ராத்திரிகூடக் காலியாக விடமாட்டார்கள். அண்ணா 1969 பிப்ரவரி 3 இறந்தார், நெடுஞ்செழியன் தற்காலிகம், ஒரு வாரத்தில் கட்சி கலைஞரைத் தேர்ந்தெடுத்தது. எம்.ஜி.ஆர். இறந்தபோதும் நெடுஞ்செழியன்தான் தற்காலிகம், பாவம் அந்த மனிதர், ஆனால் அந்தத் தடவை கட்சி ரெண்டாக உடைந்து ஜானகி அம்மாள் ஆட்சி மாதம் முடியுமுன் கலைந்தது. ஜெயலலிதா இறந்த ராத்திரியே ஓ.பி.எஸ். பதவியேற்றார், ஆனால் அவருடைய ஆர்.கே. நகர் எம்.எல்.ஏ. இடம் நிரம்ப 2017 டிசம்பர் 21 ஆயிற்று, நடுவில் பணப் பட்டுவாடா என்று ஒரு தேர்தலையே ரத்து செய்தார்கள். மேலே இருக்கிற நாற்காலிக்கு அவசரம், கீழே ஜனங்கள் ஓட்டுப் போட்டு நிரப்ப வேண்டிய நாற்காலிக்கு மட்டும் பொறுமை.

---

குளச்சல் டு சிகாகோ:

அமெரிக்காவில் இருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் குளச்சல். ரசவடை அண்ணன் கேட்ட செலவுப் பிரச்சினைக்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செனட்டர் இடம் காலியானால் பெரும்பாலான மாநிலங்களில் கவர்னரே ஒருவரை நியமிக்கலாம், பிறகு தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்வார்கள். ஜே.டி. வான்ஸ் துணை அதிபர் ஆனதும் ஒஹையோ கவர்னர் ஒருவரை இப்படித்தான் உட்கார வைத்தார். கவர்னர் என்றதும் நம் ஊர் கவர்னர் என்று நினைக்காதீர்கள், இங்கே அவர் ஜனங்கள் ஓட்டில் ஜெயித்தவர், நம் முதலமைச்சர் மாதிரி. கீழ்ச்சபைக்கு மட்டும் நியமனமே கிடையாது, தேர்தல்தான்.

நான் இருக்கிற இல்லினாய் மாநிலத்தில் இந்த நியமனம் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 2008-ல் ஒபாமா அதிபர் தேர்தலில் ஜெயித்து அவருடைய செனட் இடம் காலியானது. கவர்னர் பிளகோயவிச் அந்த இடத்தை விலை பேசிவிட்டார். போனை ஒட்டுக்கேட்ட போலீஸ் டிசம்பரில் வீட்டுக்கே போய்ப் பிடித்தது. 14 வருஷம் தண்டனை, எட்டு வருஷம் உள்ளே இருந்து 2020-ல் டிரம்ப் தயவில் வெளியே வந்தார். இங்கே என்னோடு வேலை பார்க்கும் சிகாகோக்காரர்கள் இதை இன்னும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். அவர் சொன்னது, இலங்கையில் எம்.பி. இறந்தால் இடைத்தேர்தலே கிடையாது, கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே வந்துவிடுவார். ஜனாதிபதி பதவியே நடுவில் காலியானால் பாராளுமன்றம் ஓட்டுப் போடும், ரணில் 2022 ஜூலையில் 134 ஓட்டு வாங்கி அப்படி வந்தவர்தான். ரசவடை அண்ணன் யோசனைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது, ஆனால் அங்கே எதிராளிக்குப் போகாது, அதே கட்சிக்குள் அடுத்தவருக்குப் போகும். வார்டு மெம்பருக்கு நம் ஊரில் கட்சியே இல்லை என்பதால் அதைக் கொண்டுவர முடியாது.

---

ரசவடை:

சரி சரி, விலை பேசுகிற கதையைக் கேட்ட பிறகு என் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். நம் ஆட்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். ராஜ்யசபா மட்டும் எப்படி? அங்கே நாம் ஓட்டே போடுவதில்லையே.

---

குழித்துறைப் படிப்பாளி:

எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுத்தான், இடைத்தேர்தலுக்கும். வருகிறவருக்கு மிச்சக் காலம் மட்டும். இதில் கட்சியும் மாறிவிடும். அ.தி.மு.க. எம்.பி. முகமது ஜான் 2021 மார்ச்சில் இறந்தார். மே மாதம் ஆட்சி மாறியது. செப்டம்பரில் அந்த இடத்துக்கு தி.மு.க.வின் அப்துல்லா போட்டியின்றி வந்தார், முகமது ஜான் விட்டுப்போன காலம் முடியும் வரை, 2025 ஜூலை வரைக்கும் இருந்தார். இறந்தவரின் கட்சிக்கு என்று அந்த இடத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை, அன்றைக்கு யார் கையில் எம்.எல்.ஏ. இருக்கிறதோ அவர்களுக்கு.

துணை ஜனாதிபதியும் 2025-ல் பார்த்தோமே. ஜூலை 21 ஜகதீப் தன்கர் ராஜினாமா, செப்டம்பர் 9 தேர்தல், எம்.பி.க்கள் ஓட்டு, நம் தமிழ்நாட்டுக்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன். ஐம்பதே நாள். ஒரே ஒரு விஷயம், துணை ஜனாதிபதிக்கு மிச்சக் காலம் என்ற கணக்கு இல்லை, நடுவில் வந்தாலும் முழு ஐந்து வருஷம்.

---

தோவாளைப் பிச்சி:

டெல்லியில் ஐம்பது நாளில் முடிந்தது, பழையாற்றங்கரை வீட்டு வார்டில் ரெண்டு வருஷத்திலும் முடியவில்லை. இப்போது மொத்த ஊராட்சிக்குமே ஆள் இல்லையே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

---

தீர்மான நோட்டு:

சொல்ல வந்தேன், பேரன் போனைப் பிடுங்கிவிட்டான்.

இப்போது இருப்பது தனி அலுவலர். 2025 ஜனவரி 5-ஓடு 28 மாவட்டத்தில் தேர்ந்தெடுத்தவர்கள் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடக்கவில்லை, அதனால் கிராம ஊராட்சிகளுக்கு பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். தலைவர், துணைத் தலைவர், மெம்பர் எல்லாரும் செய்ய வேண்டியது அவர் ஒரு ஆள் கையெழுத்தில். நம் மாவட்டத்தில் 95 ஊராட்சி, 9 ஒன்றியம், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பி.டி.ஓ. தலையில் சராசரி பத்து ஊராட்சி. நல்ல அதிகாரி என்றால்கூட பல்பு மாட்டுவதற்கு அவரைத் தேடி எங்கே போவது?

ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு போங்கள், அங்கே தலைவர் இருக்கிறார், மெம்பர் இருக்கிறார். திருநெல்வேலி அந்த ஒன்பது மாவட்டங்களில் ஒன்று, அங்கே 2021-ல் தேர்தல் நடந்ததால் 2026 வரைக்கும் காலம். ஒரு கணவாயைத் தாண்டினால் ஜனநாயகம் இருக்கிறது, இந்தப் பக்கம் பி.டி.ஓ. இருக்கிறார். இது முதல் தடவையும் அல்ல. 2016 அக்டோபரில் தேர்தலை ஹைகோர்ட் ரத்து செய்தபோது கிராமத்துக்கு மூணு வருஷத்துக்கு மேல், டவுனுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல் தனி அலுவலர். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது, ஆனால் முதல் மேயர் வந்தது 2022 மார்ச். மேயர் இல்லாத மாநகராட்சியாகவே மூணு வருஷம்.

தம்பி யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். ஆள் எடுப்பது ஜனங்கள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்போது எடுப்பது என்பதுதான் ஜனங்கள் கையில் இல்லை. எம்.எல்.ஏ. இடத்துக்கு ஆறு மாதம் என்று ஒரு கெடுவாவது எழுதி வைத்திருக்கிறார்கள், தப்பினால் ஏன் என்று கேட்கலாம். நான் வேலை பார்த்த காலமெல்லாம் "இடைத்தேர்தல் எப்போ சார்?" என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் சொன்னேன், "மேலே எழுதியாச்சு." அந்த மேலே என்பது எந்த மாடி என்று எனக்கே தெரியாது.

---

பழையாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. கோட்டாறு தாத்தா, காமராஜர் கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், "விருதுநகர்ல தோத்த மனுசனை நம்ம ஊரு விடலல்லா" என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சித்தப்பா எழுதிய மனு இன்னும் வீட்டில் கிடக்கிறது. அதன் பின்பக்கமும் இப்போது எழுதி நிறைந்துவிட்டது. நேற்று ராத்திரி மழையில் கோயில் முக்கு லைட் போய்விட்டது என்று ஒருவர் வந்தார். அம்மா எழுதி வைத்துவிட்டு, "இதை யாருகிட்ட கொடுக்கணும்?" என்று என்னிடம் கேட்டார். பி.டி.ஓ. ஆபீஸ் என்றேன். காலையில் ரெண்டு பஸ் மாறிப் போனோம், அவர் வேறொரு ஊராட்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். தாளை மேஜையில் வைத்து மேலே ஒரு பேப்பர் வெயிட் வைத்துவிட்டு வந்தோம். வரும் வழியில் பஸ்ஸில் அம்மா, "அந்த 200 ரூபா இப்பவும் 200 தானா, ஏத்திருப்பாங்களா?" என்று கேட்டார்.

செயலர் சார், ஏத்தியிருக்கிறார்களா?